பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு வராத சூரியன்

அக்கா தன் புது வீட்டுச் சாவியை வாங்க அலுவலகத்துக்குப் போனது ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கே போய் எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் எண்ணும் வந்துவிட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து அம்மா முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார்: "பன்னெண்டு தாண்டட்டும். அதுக்கு முன்னால பேனாவத் தொடாத." வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலமாயிற்றே. முகப்பில் இருந்த பெண் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளை அழைத்துவிட்டார். பன்னிரண்டேகாலுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக ஜன்னலை மூடினால் மறுபடி திறக்க 2.45 ஆகும். இடையில் கிடைத்த பதினைந்து நிமிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, 12.03-க்குக் கையெழுத்துப் போட்டு, 12.11-க்குச் சாவியோடு வெளியே வந்தார் அக்கா.

அன்று சாயங்காலம் நான் சும்மா இருந்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு மலேசியாவில் எங்கள் பினாங்கில் சூரியன் உதித்தது 7.25 மணிக்கு. அந்தக் கணக்கில் ராகு காலம் 11.57-க்குத் தொடங்கி 1.27-க்கு முடிகிறது. ஒரு மணி நேரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, அது தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தெரியாம செஞ்சா தோஷமில்ல. நீ வாயத் தொறந்துதான் கெடுத்த" என்றார். அக்கா வீட்டில் இதுவரை ஒரு குழாய்கூட ஒழுகியதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ராகு காலத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது அவரவர் விஷயம். எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பங்கு போட வேண்டும். முதல் பங்கு எந்தக் கிழமையிலும் ராகுவுக்கு இல்லை. மீதி ஏழு பங்குகளும் ஏழு கிழமைகளுக்கு. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்த வரியில் அந்த வரிசை ஒளிந்திருக்கிறது. தி என்றால் திங்கள், அதற்கு இரண்டாம் பங்கு. ச என்றால் சனி, மூன்றாவது. வெள்ளி நான்காவது, புதன் ஐந்தாவது, வியாழன் ஆறாவது, செவ்வாய் ஏழாவது, ஞாயிறு கடைசி. ஆறு மணிக்குச் சூரியன் உதித்து ஆறு மணிக்கு மறைந்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். திங்கள் 7.30 முதல் 9 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை என்று நாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் நேரங்கள் எல்லாம் அந்த ஆறு மணிச் சூரியனுக்கு உரியவை.

சென்னையில் இது ஏறக்குறைய ஒத்துவரும். அங்கே உதயம் வருடம் முழுக்க ஏறத்தாழ 5.40-க்கும் 6.40-க்கும் நடுவில்தான் ஊசலாடும். பினாங்கில் சூரியன் என்றைக்காவது ஆறு மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறீர்களா? ஆகச் சீக்கிரம் என்றாலே ஏழு மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஆகத் தாமதமான நாளில் 7.35. எங்கள் வீட்டுச் சமையலறையில் மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த நாட்காட்டி தொங்குகிறது. பழைய மனப்பாட நேரமே அதில் அச்சாகியிருக்கிறது. என் கைபேசியில் இருக்கும் பஞ்சாங்கச் செயலி, இருக்கிற ஊரைக் கேட்டு அந்த ஊர்ச் சூரியனை வைத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அம்மா சுவரை நம்புகிறார்.

இந்த ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து வந்தது?

பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. பினாங்கு கிழக்குத் தீர்க்கரேகை நூறு பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. நான்கால் பெருக்கினால், சூரியனை மட்டும் கேட்டு ஓடும் கடிகாரம் இங்கே கிரீன்விச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். நம் கடிகாரமோ 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அது 120 பாகைக்கு உரிய நேரம். அந்தக் கோடு நாம் இருக்கும் மலாய்த் தீபகற்பத்தைத் தொடவே தொடாது. போர்னியோவையும் தாண்டிச் சுலாவேசிப் பக்கம் போகிறது. எங்கோ கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கிற சூரியனைப் பார்த்து நாம் கடிகாரம் வைத்திருக்கிறோம். வித்தியாசம் 79 நிமிடம்.

ஒரே நாளில் இப்படி ஆகிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, முள்ளைத் தள்ளித் தள்ளி வந்து சேர்ந்த இடம் இது. 1905 ஜூன் 1 முதல் மலாயாவுக்குக் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். பினாங்கின் சொந்தச் சூரியனைவிட அது 19 நிமிடம் மட்டுமே கூட. அப்படியே விட்டிருந்தால் அம்மாவுடைய நாட்காட்டி பெருமளவு சரியாகவே இருந்திருக்கும். 1933 ஜனவரி 1-இல் இன்னொரு 20 நிமிடம் கூட்டினார்கள். பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பதாகக் காரணம்; வேலை முடிந்து வந்தபின் விளையாட, உலாவக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்பது அப்போதைய துரைமார்களின் ஆசை. உலகம் முழுக்க அரைமணி, ஒரு மணி என்று முள்ளைத் தள்ளியபோது இங்கே இருபது நிமிடம். பேரம் பேசி முடிவான தொகை மாதிரி இருக்கிறது. 1941 செப்டம்பர் 1-இல் மேலும் 10 நிமிடம் கூட்டி 7.30 ஆக்கினார்கள்.

அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். பினாங்கு 1941 டிசம்பரிலேயே அவன் கைக்குப் போயிற்று. 1942-இல் மலாயா முழுக்க டோக்கியோ நேரம், கிரீன்விச்சுக்கு 9 மணி முன்னால். ஒன்றரை மணி நேரம் ஒரே தள்ளு. அந்தக் கடிகாரத்தில் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வந்தது பகல் இரண்டேகாலுக்கு. பிப்ரவரி தொடக்கத்தில் உதயம் 8.35. மூன்றரை வருடம் இப்படி ஓடியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் 7.30-க்கு மீண்டது.

கடைசித் தள்ளு நம் கண்முன்னால் நடந்தது. போர்னியோவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்கள் 8 மணி நேரத்தில் இருந்தன, தீபகற்பம் 7.30-இல். ஒரே நாட்டில் அரைமணி வித்தியாசம் எதற்கு என்று, மகாதீர் பிரதமரான சில மாதங்களில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் முள்ளை நேரே 12-க்குத் திருப்பிப் புத்தாண்டு பிறந்துவிட்டதாக அறிவிப்பு. சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. அதனால் 1981 டிசம்பர் 31 இரவு 11.40 என்று ஒரு நேரமே தீபகற்பத்தில் கிடையாது. அந்த நேரத்தில் பிறந்ததாக யாராவது சொன்னால், ஒன்று அவர்கள் சபாவின் கோத்தா கினபாலுவில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் அம்மாவின் கைக்கடிகாரம் அரசாங்க அறிவிப்பைக் கேட்கவில்லை.

அப்போது இன்னொன்றும் போயிற்று. அதுவரை தமிழ்நாட்டுக்கும் நமக்கும் சுத்தமாக இரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே ஆறு என்றால் இங்கே எட்டு, குழந்தைகூடச் சொல்லிவிடும். 1982-க்குப் பிறகு இரண்டரை. எழுபது வயதான என் பெரியம்மா, புதுக்கோட்டையில் இருக்கும் தம்பியிடம் பேசுவதற்கு இன்றைக்கும் விரலை மடக்கி இரண்டு எண்ணிவிட்டு, "அப்புறம் ஒரு அரை" என்று தனியாகச் சேர்ப்பார்.

ஜார்ஜ்டவுனில் கடற்கரையோரம், கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டு இந்தத் தள்ளுகள் அத்தனையையும் பார்த்திருக்கிறது. விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சியைக் கொண்டாட, ஆண்டுக்கு ஓரடி என்று அறுபதடி உயரத்தில், சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் கட்டிக்கொடுத்தது. 1902-இல் முடிந்தபோது மகாராணி உயிரோடு இல்லை. போர்க்காலக் குண்டுவீச்சில் கோபுரம் லேசாகச் சாய்ந்தது. இன்றும் சாய்ந்தே நிற்கிறது. உச்சியில் சூரியன் இல்லாத நேரத்தைப் பன்னிரண்டு என்று காட்ட வேண்டிய கடிகாரம் கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்வதில் தப்பில்லை.

அப்படியானால் பினாங்கில் உண்மையான உச்சிவேளை எது? இதற்குத் தொலைநோக்கி எதுவும் வேண்டாம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு தே தாரேக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது கடிகாரத்தைப் பாருங்கள். 1801-இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் தலைமையில் எழுந்த பள்ளி அது. லுஹர் நேரம் என்பது சூரியன் உச்சியைத் தாண்டிச் சாய ஆரம்பிக்கும் கணத்தில் தொடங்குவது. ஆகவே அந்த பாங்குச் சத்தம் ஊருக்கெல்லாம் சொல்லும் அசல் உச்சிப்பொழுது. ஒரு மணி தாண்டித்தான் அது கேட்கும். நாலு எட்டு வைத்தால் குவீன் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோயில், 1833-இலிருந்து இருப்பது. நம் ஊரில் பல கோயில்களில் உச்சிக்கால பூசை பன்னிரண்டு மணியை ஒட்டி முடிந்து நடை சாத்திவிடுகிறார்கள். உச்சி என்ற சொல் நம்முடையது. சூரியன் உச்சிக்கு வருவதை அறிவிப்பதோ பக்கத்துத் தெருப் பள்ளிவாசல். இதைச் சொன்னபோது எங்கள் கடைக்காரப் பாய் சிரித்தார். "தம்பி, நாங்க சூரியனப் பாக்குறோம், நீங்க சுவத்தப் பாக்குறீங்க" என்றார்.

லுஹர் நேரத்தை வருடம் முழுக்கக் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு வேடிக்கை தெரியும். நவம்பர் தொடக்கத்தில் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 1.02-க்கு. பிப்ரவரி நடுவில் 1.33-க்கு. மூன்றே மாதத்தில் அரைமணி நழுவுகிறது. கடிகாரத்தை யாரும் தொடவில்லை. காரணம் இரண்டு. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் கிடையாது. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு ஆக அருகில் இருக்கும்போது பூமி கொஞ்சம் விரைந்து ஓடும், ஜூலையில் நிதானமாக நடக்கும். கூடவே பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவில் உள்ள நேரத்தைச் சில நாள் 24 மணிக்குக் கொஞ்சம் கூடவும், சில நாள் கொஞ்சம் குறையவும் ஆக்குகின்றன. ஒரு நாளில் அதிகம் போனால் அரை நிமிடம்தான். சேரச் சேர நிமிடக்கணக்கு.

குளிர்நாடுகளில் இந்த நழுவல் கண்ணில் படாது. அங்கே பகல் நீள்வதும் குறுகுவதும் மணிக்கணக்கில் நடப்பதால் அதற்குள் இது மறைந்துவிடும். பினாங்கில் வருடத்தின் ஆக நீண்ட பகல் 12 மணி 26 நிமிடம், ஆகக் குறுகியது 11 மணி 48 நிமிடம். மொத்த வித்தியாசமே 40 நிமிடத்துக்குள். அதனால் காலை எப்போது விடிகிறது என்பதை இங்கே பகலின் நீளத்தைவிட அந்த நழுவல்தான் அதிகம் ஆட்டிவைக்கிறது. பகல் ஆகக் குறுகுவது டிசம்பர் 22 வாக்கில். ஆனால் உதயம் ஆகத் தாமதமாவது பிப்ரவரி தொடக்கத்தில்.

அதாவது தைப்பூசக் காலத்தில். சிறுவயதில் ரதம் பார்க்க அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனபோதெல்லாம் தெரு இருட்டாக இருந்தது நினைவிருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். உடைக்கத் தொடங்கியபின் கால் வைக்கும் இடமெல்லாம் இளநீர் வழுக்கும். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் வானம் வெளுக்க ஏழரை ஆகிவிடும். "விடியிறதுக்குள்ள முருகன் பாதி ஊரு வந்துட்டாரு" என்பார் அப்பா. முருகன் சரியாகத்தான் வந்தார். அந்த மாதத்தில் சூரியன்தான் சோம்பேறி.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கில் வருடத்துக்கு இரண்டு நாள் சூரியன் அப்பழுக்கின்றித் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். ஏப்ரல் 4-ஐ ஒட்டி ஒரு முறை, செப்டம்பர் 8-ஐ ஒட்டி இன்னொரு முறை. கோலாலம்பூர் கொஞ்சம் தெற்கே இருப்பதால் அங்கே மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும். அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழல் இராது. பார்க்க ஆசைப்பட்டு மணி பன்னிரண்டுக்குப் போய் நின்றால் ஏமாந்துபோவீர்கள். ஆறடி ஆளுக்கு இரண்டடிக்குமேல் நிழல் மேற்குப் பக்கம் நீண்டு கிடக்கும். 1.20-ஐ ஒட்டிப் போங்கள். சென்ற ஏப்ரலில் எங்கள் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்திப் பார்த்தேன். நிழல் சுருங்கிச் சுருங்கிக் கட்டையின் அடிக்குள்ளேயே நுழைந்துகொண்டது. பாதுகாவலர் வந்து, "அண்ணே, எதாச்சும் பூசையா?" என்று கேட்டார். அந்த ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ஐந்து மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வடக்குப் பார்த்த வாசலில் வெயிலே விழாது என்று வீடு விற்பவர் சொன்னால், ஜூன் மாதம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

கடிகாரம் எப்படி ஓடினாலும் கண்டுகொள்ளாத ஒருவர் இங்கே உண்டு. ரப்பர் மரம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களம் தெரியும். விடிவதற்கு வெகுமுன்பே ஆள் கணக்கெடுக்கும் இடம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குப் போவார்கள். கங்காணியின் கொடுமை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். கொடுமை நிறைய இருந்தது. ஆனால் அந்த இருட்டுக்குக் காரணம் மரம். இரவில் இலைகள் நீரை வெளிவிடுவது நின்றுபோவதால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். விடியும் முன் வெட்டினால் பால் நன்றாக ஓடி மங்கு நிறையும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், ஓட்டமும் குறையும். 1933-இலும் 1941-இலும் 1942-இலும் 1982-இலும் அரசாங்கங்கள் முள்ளைத் தள்ளின. மரத்துக்கு யாரும் தகவல் கொடுக்கவில்லை. டோக்கியோ நேரத்தில் எட்டரை மணிக்கு விடிந்தாலும் விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால்.

இன்றைக்கு அந்த இருட்டு தோட்டத்தைவிட்டுப் பள்ளிக்கூட வேனுக்கு வந்துவிட்டது. ஜனவரி, பிப்ரவரியில் ஆறரைக்கு எங்கள் குடியிருப்பு வாசலில் புத்தகப்பையோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் நடு இரவில் யாரோ ஊரைவிட்டுக் கிளம்புவது மாதிரி இருக்கும். சாயங்காலம் ஏழரை வரை வெளிச்சம் இருப்பதால் பந்து விளையாடக் கிடைக்கிறது என்று என் மருமகன் சமாதானம் சொல்கிறான். 1933-இல் துரைமார் சொன்ன அதே நியாயம்.

பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் இந்த வினோதம் இன்னும் எடுப்பாகத் தெரியும். பாடாங் பெசாரில் எல்லையைத் தாண்டினால் கைபேசி ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். தாய்லாந்து 1920-லிருந்து 7 மணி நேரத்திலேயே நிற்கிறது. ஹாட்யாய்க்குச் சாமான் வாங்கப் போகிற பினாங்குக்காரர்களுக்கு அங்கே கடை திறக்கும்வரை தெருவில் நிற்பது பழகிப்போன ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் மேடானும் அதே 7 மணியில். நேர் எதிர்ப்பக்கம் சபாவைப் பாருங்கள். கோத்தா கினபாலுவில் நமக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே விடிந்துவிடுகிறது, அதே கடிகாரத்தில். அங்கே உள்ள தமிழர்கள் சுவர் நாட்காட்டியின் ராகு காலத்தை அப்படியே பின்பற்றினால் அதிகம் பிசகாது. நாட்டில் ராகு காலம் சரியாக இருக்கிற இடத்தில் தமிழர்கள் குறைவு.

நேரத்தைச் சொல்ல நாம் பயன்படுத்தும் சொற்களிலும் பழைய சத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் ஏழு மணி என்கிறோம். மணி என்றால் அடிக்கிற மணி. மலாயில் புக்குல் தூஜோ என்பார்கள். புக்குல் என்றால் அடி. நாம் மணியைச் சொல்கிறோம், அவர்கள் அடியைச் சொல்கிறார்கள். இருவரும் ஒரே கோபுரத்துக்குக் கீழே நின்றவர்கள். சமஸ்கிருதத்தில் கடிகா என்றால் நம் நாழிகை, 24 நிமிடம். அதிலிருந்து நமக்குக் கடிகாரம் வந்தது, மலாய்க்காரர்களுக்குக் கெத்திக்கா என்ற சொல் வந்தது, "அந்தச் சமயத்தில்" என்ற பொருளில். மாதத்தைக் குறிக்கும் மாச என்ற சொல் மலாயில் மாசா ஆகிக் காலம் என்ற பொதுப்பொருளுக்குப் போய்விட்டது. பினாங்குச் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்துவது நாழிகைக் கணக்கில் மூன்றேகால் நாழிகை. இப்படிச் சொன்னால் ஏதோ கோயில் கல்வெட்டில் இருப்பது மாதிரி கௌரவமாக இருக்கிறது.

ராகு காலத்தைக்கூட விட்டுவிடலாம். திதியில்தான் சிக்கல் கூடுகிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. அது மாறும் கணம் உலகம் முழுக்க ஒரே கணம். சென்னையில் இரவு பத்து மணிக்கு அமாவாசை தொடங்கினால் இங்கே அது மறுநாள் 12.30. இதைக் கூட்டிப் போடுவது சுலபம். ஆனால் ஒரு நாளுக்கு எந்தத் திதி என்று சொல்லப் பல விரதங்களுக்குச் சூரிய உதயத்தில் இருக்கும் திதியைப் பார்ப்பார்கள். பினாங்கில் உதயம் என்பது இந்திய நேரத்தில் விடியற்காலை 4.50 வாக்கில், சென்னையில் அதற்கு ஏறத்தாழ 80 நிமிடம் கழித்து. ஒரு திதி அந்த 80 நிமிட இடைவெளிக்குள் முடிந்தால் இங்கே இன்றைக்கு ஏகாதசி, அங்கே துவாதசி. இரண்டு பேரும் சரி. "ஊர்ல இன்னைக்கு இல்லையாமே" என்று தொலைபேசியில் கேட்டுக் குழம்பி இரண்டு நாள் பட்டினி கிடந்த அத்தை எங்கள் வீட்டில் உண்டு.

ஜாதகத்தில் வருவது இதைவிடப் பெரிய குழப்பம். லக்னம் என்பது பிறந்த கணத்தில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசி. முப்பது பாகை கொண்ட ஒரு ராசி எழுந்து முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம். போர் முடிந்த பிறகு, 1982-க்கு முன் தீபகற்பத்தில் பிறந்தவருக்கு இப்போதைய 8 மணி நேரத்தை வைத்து ஜாதகம் கணித்தால் அரைமணி பிசகும், அதாவது ஏழரைப் பாகை. நான்கில் ஒருவருக்கு லக்னமே மாறிப்போகும். கணினியில் ஊரைத் தட்டி உடனே ஜாதகம் எடுப்பவர்கள், அந்த மென்பொருளுக்கு மலாயாவின் பழைய நேரங்கள் தெரியுமா என்று ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது. ஜப்பான் காலத்தில் பிறந்தவர்களுக்கு நேரத்தை யார் எந்தக் கடிகாரத்தில் குறித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம் போகும். நான்கில் மூவருக்கு லக்னம் இடம் மாறிவிடும்.

எங்கள் தாத்தா இதில் உஷார். தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், கணக்கு எழுதிய கை. 1943-இல் பெரிய அத்தை பிறந்தபோது குறித்துவைத்த நோட்டு அம்மாவின் பீரோவில் இருக்கிறது. பழுப்பேறிய தாள், கோடு போட்ட பக்கம், மை ஊறிப் பின்பக்கம் தெரிகிறது. கிழமை, நட்சத்திரம் எல்லாம் எழுதிவிட்டுக் கீழே இரண்டு வரி: "ஜப்பான் மணி 4.10. பழைய மணி 2.40." அதற்கும் கீழே, பென்சிலில், பிற்பாடு சேர்த்தது போல, இன்னொரு வரி இருக்கிறது: "நல்ல இருட்டு. சேவல் கூவவில்லை."